35-ஆம் நம்பர் ஃபாரம்

வண்டிக்குக் கடன் கொடுத்தவரின் பெயரை ஆர்.சி.யில் ஏற்றுவதற்காக நான் ஒரு நாளும் மெனக்கெட்டதில்லை. 1995-ல் எம்-80 வாங்கியபோதும் சரி, 2018-ல் கார் வாங்கியபோதும் சரி, அந்த வேலையை யார் யாரோ சேர்ந்து முடித்துவிட்டார்கள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். நடுவில் டீ வந்தது, குடித்தேன். ஆர்.சி. வந்தபோது என் பெயருக்குக் கீழே கடன் கொடுத்தவர் பெயர் ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. என் பெயரில்தான் ஓர் எழுத்து குறைந்திருந்தது.

இறக்குவதற்குத்தான் அலைச்சல். முதல் தடவை அதே எம்-80-ல் அலைந்தேன். இரண்டாம் தடவை, நாடு முழுக்கக் கம்ப்யூட்டர் மயமாகிவிட்டபடியால், உட்கார்ந்த இடத்திலிருந்தே அலைந்தேன்.

சட்டத்தைக் கேட்டால் விஷயம் சின்னது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 51-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பெயரை ஏற்ற 34-ஆம் நம்பர் ஃபாரம், எடுக்க 35-ஆம் நம்பர் ஃபாரம். அடுத்தடுத்த நம்பர்கள்தான். 35-ல் இரண்டு பிரதி எடுத்து, கடன் வாங்கியவர் ஒரு கையெழுத்து, கொடுத்தவர் ஒரு கையெழுத்துப் போட்டு, பாக்கி ஒன்றும் இல்லை என்கிற என்.ஓ.சி.யோடு கொண்டுபோய்க் கொடுத்தால் எச்.பி., அதாவது ஹயர் பர்ச்சேஸ் குறிப்பு, கேன்சல். கொடுக்காமலே விட்டால்? வண்டி பாட்டுக்கு ஓடும். ஆனால் விற்க முடியாது. அந்தப் பெயருக்கு உரியவர் எழுத்தில் சம்மதம் தராமல் வண்டியைக் கைமாற்றிப் பதியக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. வண்டி திருட்டுப் போனாலோ அடியோடு நொறுங்கினாலோ இன்ஷூரன்ஸ் பணம் முதலில் அவரைத் தேடிக்கொண்டு போகும். கடனே இல்லாத கடன்காரனாகக் காலம் தள்ள வேண்டியதுதான்.

எங்கள் பக்கம் திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் வட்டாரம். லாரிக்கும் போர்வெல் ரிக் வண்டிக்கும் பேர்போன மண். வண்டி இருக்கிற ஊரில் பைனான்ஸ் இல்லாமல் இருக்குமா? மெட்ராஸில் டி.எஸ். சந்தானம் 1954-லேயே சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கி, லாரிக்குத் தவணைக் கடன் கொடுப்பதை ஒரு கம்பெனித் தொழிலாக நடத்திக் காட்டியிருந்தார். அந்த மாதிரிப் பெரிய படிகளில் ஏற எனக்கு யோக்கியதை போதாது. நூல் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். எனக்கு வாய்த்தது பாத்திரக்கடை மாடியில் நாலைந்து பங்காளிகள் சேர்ந்து நடத்திய பைனான்ஸ். ஒரே அறை. சுவரில் வரிசையாக சாமி படங்கள், அதன் கீழே ஓர் இரும்பு பீரோ, பீரோவுக்கு முன்னால் பெரியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம்.

நூற்றுக்கு ஒன்றரை வட்டி. அதாவது, முதல் மாதம் வாங்கிய மொத்தத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். நடுவில் அசல் எவ்வளவு கழிந்தாலும் வட்டிக்கு அது தெரியாது. கணக்கெழுதுகிறவனான எனக்கே இந்தக் கணக்கை அவர் விளக்கினார். நானும் புரிந்துகொண்டு தலையாட்டினேன். எனக்கு வண்டி வேண்டும்.

ஆர்.சி. புக்கின் அசலை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். வண்டியின் இரண்டாவது சாவியையும் வாங்கிக்கொண்டார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட புரோநோட்டு ஒன்று. பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் நம்பர் ஃபாரங்கள், ஒன்றும் நிரப்பாமல், அடியில் என் கையெழுத்து மட்டும். ஆக என்னிடம் மிஞ்சியது ஆர்.சி.யின் ஜெராக்ஸும் பெட்ரோல் செலவும்.

அந்தக் காலத்து எச்.பி. ஒப்பந்தப்படி கடைசி டியூ கட்டுகிறவரை வண்டி பைனான்ஸ்காரருடையது. ஆனால் நான் யார் மீதாவது மோதிவிட்டால் வண்டிக்குச் சொந்தக்காரர் யார்? ஒப்பந்தப்படி வண்டியை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவர்தான் என்று சட்டமே அர்த்தம் எழுதி வைத்திருக்கிறது. பொருள் அவருடையது, கேஸ் என்னுடையது. இந்தத் தவணை வியாபாரத்தை ஒழுங்குபடுத்த 1972-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஒரு நாள்கூட அது அமலுக்கு வரவில்லை. 2005-ல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். பாத்திரக்கடை மாடிக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

கடைசி டியூ கட்டப் போன நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. கடை விட்ட பிறகுதான் போக முடியும். பெரியவர் பணத்தை எண்ணி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, டிராயரில் போட்டார். ரோஸ் கலர் டியூ அட்டையின் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

“அப்ப ஆர்.சி. புக்குங்க?” என்றேன்.

“வெளக்கு வெச்சாச்சே தம்பி. வெள்ளிக்கெழமையும் அதுவுமா பீரோவிலிருந்து எதையும் வெளிய எடுக்கறதில்லீங்க. திங்கக்கெழமை வந்துருங்க.”

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பணம் உள்ளே வரலாம். அதில் சாஸ்திரத்துக்கு ஆட்சேபம் கிடையாது.

திங்கட்கிழமை போனால் வேறு சேதி. ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பெரியவர் இல்லையாம், பங்காளிகளில் ஒருவராம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அவருடைய மாதிரிக் கையெழுத்துத்தான் இருக்கிறதாம். அவரோ மாலை போட்டு, இருமுடி கட்டி, சபரிமலைக்குப் புறப்பட்டுவிட்டார். “சாமி வந்துரட்டுங்க” என்றார் பெரியவர். டியூ ஒரு நாள் தள்ளிப்போனால் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிற சாமி அவர். நான் வாயைத் திறக்கவில்லை. ஐயப்பன் விஷயம்.

சாமி திரும்பி வந்த பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெரியவர் பீரோவைத் திறந்து ஒரு கட்டை எடுத்தார். நூல்கயிறு போட்டுக் கட்டியிருந்த என் காகிதங்கள். முதலில் சாவி வந்தது. அட்டைத் துண்டில் என் பெயரும் வண்டி நம்பரும் எழுதித் தொங்கவிட்டிருந்தார். அடுத்து புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்ப் இரண்டாகப் போகிற மாதிரி கையெழுத்தின் குறுக்கே கிழித்தார். 29, 30-ஆம் நம்பர் ஃபாரங்களை நாலாகக் கிழித்து, கிழிந்த துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்தார். “கிழிச்சதையும் நீங்களே வாங்கிக்கோணும் தம்பி, நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாது.” பிறகு பேரேட்டில் என் பக்கத்தைப் பிரித்து, மூலைக்கு மூலை சிவப்பு மையில் கோடு இழுத்து, ‘கணக்கு பைசல்’ என்று எழுதினார். காபி வரவழைத்தார். காபி ஆறுவதற்குள் கேட்டார்: “அடுத்து என்ன வண்டி எடுக்கறீங்க?”

இதையெல்லாம் சொல்வதால் அவர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீதியில் ஒருவர் இரண்டு டியூ நிறுத்தியதற்கு, சந்தை வாசலில் வைத்து டி.வி.எஸ். 50-ஐத் தூக்கிக்கொண்டு போனவர்களை அனுப்பியதும் இதே பெரியவர்தான். ஹேண்டில்பாரில் தொங்கிய மளிகைப் பையைக்கூட எடுக்க விடவில்லை. மறுநாள் பையை மட்டும் ஆள் விட்டு அனுப்பினார், தக்காளி நசுங்காமல். கணக்கில் சுத்தம் என்பது அவருக்கு இரண்டு பக்கமும் கூர்மையானது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் டைப்ரைட்டரோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். 35-ஆம் நம்பர் ஃபாரம் அவரிடமே விற்பனைக்கு இருக்கும். கார்பன் வைத்து இரண்டு பிரதி அடித்துக் கொடுப்பார். அவருக்குப் பக்கத்தில் புரோக்கர்கள். “நீங்களா போனா ஒரு வாரம், நாம போனா ஒரு மணி நேரம்” என்றார் ஒருவர். அந்த வயசுக்கே உரிய வீராப்பில் நானே உள்ளே போனேன்.

கிளார்க் பீரோவைக் குடைந்து பைனான்ஸின் மாதிரிக் கையெழுத்தை எடுத்தார். ஃபாரத்தில் இருந்ததையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இது சேரலையே” என்றார். சபரிமலையிலிருந்து திரும்பிய சூட்டில் நம் சாமி கையெழுத்துக்கு மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தார். மாதிரியில் சுழி இல்லை. சுழி கையெழுத்தில் சேருமா சேராதா என்று அங்கே ஒரு விவாதம் நடந்தது. பக்கத்து மேஜைக்காரரும் அதில் கலந்துகொண்டார். கடைசியில் முன்னே சொன்ன புரோக்கர்தான் தலையை நீட்டி, “சார், உங்க ரிஜிஸ்டர்ல பக்கத்துக்குப் பக்கம் சுழி போட்டிருக்கீங்களே, அதெல்லாம் உங்க இனிஷியலா?” என்று கேட்டு வைத்தார். அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். அவர் சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆர்.சி. புக்கில் பைனான்ஸ் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு விழுந்தது. பக்கத்தில் தேதி, கையெழுத்து, வட்ட சீல். கோட்டுக்குக் கீழே பெயர் நன்றாகவே தெரிந்தது, அடித்துவிட்டார்கள் என்பதும் தெரிந்தது.

சங்ககிரியில் என் தாய்மாமனுக்கு லாரி ஓடிக்கொண்டிருந்தது. லாரியில் கடன் கொடுத்தவர் பெயரைக் கதவிலேயே பெயிண்டில் எழுதிவிடுவார்கள். மாமா கடனை அடைத்து, ஆர்.சி.யிலும் கேன்சல் செய்துவிட்டார். கதவில் இருந்த பெயரை மட்டும் அழிக்க விடவில்லை. பெயிண்டர் வந்து நின்றபோது, “அது கெடக்கட்டும் விடு. அது இருக்கற வரைக்கும் எவனும் நம்மகிட்ட கைமாத்து கேட்டு வரமாட்டான்” என்றார். அடுத்த எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடித்தபோதும் அந்தப் பெயரைப் புதுப்பித்துத்தான் எழுதச் சொன்னார்.

இனி 2018. ஷோரூமிலேயே வங்கிக்காரர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மாலை போடாத, வெள்ளிக்கிழமை பார்க்காத, பிள்ளையார் சுழி தெரியாத வங்கி. ஆதார், பான், சம்பளச் சீட்டு, அதற்கும் மேலாக சிபில் மதிப்பெண். வண்டியின் கலரை வீட்டுக்காரம்மா முடிவு செய்வதற்குள் கடன் முடிவாகிவிட்டது. மாதா மாதம் தவணையைக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். டியூ அட்டையும் கிடையாது, மாடிப்படியும் கிடையாது. நாகரிகம் என்றால் இதுதான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காகச் சுருக்கினார்கள். எனக்குக் கடன் கொடுத்த வங்கி அன்றைக்குக் கரைந்துபோனவற்றில் ஒன்று. வாசல் பலகை மாறியது, பாஸ்புக் மாறியது, ஐ.எஃப்.எஸ்.சி. மாறியது. தவணை மட்டும் அதே தேதியில், அதே காலை வேளையில், பிசகாமல் பிடிக்கப்பட்டது.

2025-ல் கடைசித் தவணை போனதும் மொபைலில் வாழ்த்துச் செய்தி வந்தது. பட்டாசுப் படத்தோடு. பின்னாலேயே மெயிலில் என்.ஓ.சி. வந்தது, பூட்டுப் போட்ட பி.டி.எஃப். கோப்பாக. திறக்கிற கடவுச்சொல், பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். தமிழ்நாட்டில் ஒருவன் பெயரின் முதல் எழுத்து எது என்று அந்த வங்கிக்கு யார் சொல்லிக்கொடுப்பது? முதல் எழுத்து அப்பாவினுடையது. அடுத்தது புள்ளி. அதற்கடுத்தது இடைவெளி. நான்காவதாகத்தான் நான் வருகிறேன். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கிறது, ஆர்.சி.யில் முன்னால், ஓர் எழுத்துக் குறைவோடு. வங்கியில் அப்பாவின் முழுப் பெயரையும் விரித்து எழுதி அதை என் முதல் பெயராக்கிவிட்டார்கள். அப்பாவின் பெயரைப் போட்டதும் கோப்பு திறந்தது. இந்தக் கடிதம் மூன்று மாதத்துக்கு மட்டுமே செல்லும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

கடன் விவரங்களை வங்கிகள் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சிபில் போன்ற நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று 2025 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருந்தது. என் கடன் முடிந்த சேதியும் அந்த வேகத்திலேயே போய்ச் சேர்ந்தது. எப்படித் தெரிந்தது என்றால், புதுக் கடன் வேண்டுமா என்று கேட்டு போன் வரத் தொடங்கிவிட்டது. பெண் குரல்கள், ஆண் குரல்கள், பதிவு செய்த குரல்கள், எல்லாவற்றுக்கும் நான் கடனற்றவன் என்பது தெரிந்திருந்தது. தெரியாதது ஆர்.சி.க்கு மட்டும்தான்.

பெயரை எடுக்க அரசின் பரிவாகன் தளத்தில் நுழைந்தேன். வண்டி நம்பர் கேட்டது, கொடுத்தேன். சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தைக் கேட்டது, கொடுத்தேன். ஓ.டி.பி. அனுப்பியாயிற்று என்றது. எனக்கு வரவில்லை. திரையில் தெரிந்த கடைசி நாலு இலக்கம் என்னுடையதே இல்லை.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஷோரூமில் பதிவு வேலை பார்த்த பையன், ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ஓ.டி.பி. கேட்கச் சோம்பிப்போய், எல்லா வண்டிக்கும் தன் நம்பரையே கொடுத்திருக்கிறான். அவன் அந்த ஷோரூமை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். போனில் பிடித்தேன்.

“வண்டி என்ன கலருங்க சார்?” என்றான்.

“எதுக்குப்பா கலரு?”

“இன்னும் நாப்பது அம்பது வண்டி என் நம்பர்லதான் ஓடுதுங்க. நம்பர் சொன்னா ஞாபகம் வராது, கலர் சொன்னா வரும். தெனமும் யாராவது கூப்புடறாங்க. சீட் பெல்ட் போடலை, சிக்னல் தாண்டிட்டீங்கன்னு ஃபைன் மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வருது. எனக்கு வண்டியே இல்லீங்க சார்.”

நல்ல பையன். இரவு ஷிஃப்டுக்கு நடுவில் வெளியே வந்து ஓ.டி.பி.யை வாசித்துச் சொன்னான். முதல் வேலையாக நம்பரை மாற்றிக்கொண்டேன். அவன் சுமையில் ஒன்று குறைந்தது.

சில வங்கிகள் என்.ஓ.சி.யைத் தாங்களே நேராக வாகன் பதிவேட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. அந்த வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பாக்கியவான்கள். என் விஷயத்தில் பதிவேட்டில் இருந்தது ஒரு வங்கி, அனுப்ப வேண்டியது இன்னொரு வங்கி. ஆகவே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, குறிப்பிட்ட கே.பி.க்குள் அடங்கும்வரை சுருக்கி, ஏற்றி, பணம் கட்டி, சமர்ப்பித்தேன். ‘விண்ணப்பத்தை அச்செடுத்து, அசல் ஆவணங்களுடன் அலுவலகத்தில் ஒப்படைக்கவும்’ என்று வந்தது.

கவுன்ட்டரில் ஓர் இளம் பெண். மரியாதையாகப் பேசினார். அதுவே எம்-80 காலத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், அதைச் சொல்லிவிட வேண்டும்.

“சார், ஆர்.சி.ல இருக்கற பேங்க் வேற. லெட்டர் குடுத்திருக்கற பேங்க் வேற.”

“அந்த பேங்க் இப்ப இல்லீங்க மேடம். இதோட சேர்த்துட்டாங்க.”

“இல்லாத பேங்க்கோட பேரை எடுக்கச் சொல்லி இவங்க எப்படி சார் லெட்டர் தருவாங்க?”

“அந்த பேங்க்குக்குக் கட்ட வேண்டிய பணத்தை இவங்கதானுங்க வாங்கிக்கிட்டாங்க?”

“அது பணம் சார். இது ரெக்கார்டு.”

இதற்கு மறுமொழி என்னிடம் இன்றுவரை இல்லை. இரண்டு வங்கியும் ஒன்றுதான் என்று காட்ட ஏதாவது ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான் என்று அவரே ஆறுதலாகச் சொன்னார்.

வங்கிக் கிளைக்குப் போனேன். மேனேஜர் வடநாட்டுக்காரர், இளைஞர், நான் கடன் வாங்கிய காலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்திருப்பார். என்.ஓ.சி. கொடுத்ததோடு வங்கியின் கடமை முடிந்தது என்றார். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் போட்ட உத்தரவை எடுத்துச் சொன்னேன். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் உள்ள பற்றையும் நீக்க வேண்டும். தாமதத்துக்கு வங்கி காரணமென்றால் நாளொன்றுக்கு ₹5,000 கொடுக்க வேண்டும். அதே வருஷம் டிசம்பர் முதல் தேதியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அவர் அந்த உத்தரவைத் தம் கம்ப்யூட்டரிலேயே எடுத்துப் படித்து, மிக நல்ல உத்தரவு என்று பாராட்டினார். நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஐயாயிரத்தை நாள் கணக்கில் பெருக்கிக்கொண்டே வந்தேன். பாதி வழி தாண்டுவதற்குள் காரின் விலையை நெருங்கிவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் அதே 51-ஆம் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது. பர்மிட்டைப் புதுப்பிப்பது போன்ற சில வேலைகளுக்காகக் கடன் கொடுத்தவரிடம் சம்மதக் கடிதம் கேட்டு, அவர் ஏழு நாளுக்குள் தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால், தந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். கடன் கொடுத்தவர்களின் மௌனத்தைச் சட்டம் எழுதியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அந்தச் சில வேலைகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வழி கிடைத்தது ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில். புங்கமரத்தடி டைப்ரைட்டர் போய் இப்போது கம்ப்யூட்டர், பிரிண்டர், லேமினேஷன், குளிர்ந்த மோர். என் முகத்தைப் பார்த்ததுமே கடைக்காரர், “பேங்க் மெர்ஜருங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

“எதுங்க? மங்களூரா, ஹைதராபாத்தா, கல்கத்தாவா?”

கரைந்துபோன வங்கிகளை அவற்றின் தலைமையகம் இருந்த ஊரை வைத்து அடுக்கியிருந்தார். 2020 மார்ச்சில் வெளியான கெஜட் அறிவிப்பு, ஊர் வாரியாக, தனித்தனி ஃபைலில், தலா பத்துப் பிரதி தயாராக. நம்முடைய வங்கி பெயர் வருகிற வரியை மஞ்சள் பேனாவால் அவரே கோடிட்டு வைத்திருந்தார். கூடவே “அபிடவிட்டு வேணுங்களா? பேருல எழுத்து வித்தியாசம் இருந்தா இப்பவே போட்டுக்கறது நல்லது, அடுத்தது அதைத்தான் கேப்பாங்க” என்றார். வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னபடியே அதைத்தான் கேட்டார்கள். மத்திய அரசின் கெஜட்டை மாநில அரசின் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லும் பாலமாக ஒரு ஜெராக்ஸ் கடை செயல்படுவதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கடைக்காரர் நிச்சயமாக இல்லை.

2024 பிப்ரவரி கடைசியிலிருந்து எங்கள் மாநிலத்தில் ஆர்.சி.யும் லைசென்ஸும் ஸ்பீடு போஸ்டில்தான் வீட்டுக்கு வருகின்றன. என்னுடையதும் வந்தது. வழவழப்பான அட்டை. கடன் கொடுத்தவர் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கோடு இல்லை, சீல் இல்லை, அடித்தார்கள் என்பதற்கே அடையாளம் இல்லை. ஏழு வருஷம் யாருக்கோ கட்டிக்கொண்டிருந்தேன் என்று இனி என் பேரன் கண்டுபிடிக்க வேண்டுமானால் இன்ஷூரன்ஸ் பாலிசியைத்தான் பார்க்க வேண்டும். அதில் அந்தப் பழைய வங்கி இன்னும் இருந்தது. ஆர்.சி.யில் எடுத்ததோடு முடியவில்லை, பாலிசியிலும் தனியாக எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். ஏஜென்ட்டிடம் சொன்னேன். “ரினீவல்ல பாத்துக்கலாம் அண்ணா, அதுவரைக்கும் வண்டி திருடு போகாம பாத்துக்குங்க” என்றார்.

இப்போது எங்கள் வீதியில் இந்த விஷயத்தில் நான் ஒரு புள்ளி. போன மாதம் பக்கத்துச் சந்துப் பையன் ஒருவன் வந்தான். சொந்த டாக்ஸி ஓட்டுகிறவன். லோனை முடித்துவிட்டானாம், என்.ஓ.சி.யைக் கொண்டுவந்து காட்டினான். தேதியைப் பார்த்தேன். வாங்கி அரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

“இது செல்லாதுப்பா. மூணு மாசந்தான் கணக்கு.”

“நான் கட்டுன பணம் செல்லுங்களா?”

“அது செல்லும். இந்த லெட்டரை மட்டும் மறுபடி வாங்கணும். அதுக்குத் தனியா பணம் கேப்பாங்க.”

கொஞ்ச நேரம் லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டுகிற பிழைப்பில் அரை நாள் போனால் என்ன நஷ்டம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது.

“ஏனுங்கண்ணா, பேசாம அதே பேங்க்ல சின்னதா இன்னொரு லோன் போட்டு, உடனே கட்டிட்டா புதுசா என்.ஓ.சி. குடுத்துருவாங்கல்ல?”

இருப்பதிலேயே சுலபமான வழி அதுதான் என்று ஒப்புக்கொண்டு, ஜெராக்ஸ் கடைக்காரரின் நம்பரைக் கொடுத்தேன்.